சுவர் வெடிப்புக்கு ஒரு வருஷக் கணக்கு

எங்கள் கரிசல் காட்டில் வெடிப்பு ஒன்றும் புதுசு இல்லை. மாசியில் அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும். பங்குனி வெயிலில் முதலில் மயிர்க்கோடு மாதிரி ஒரு கீறல் விழும். சித்திரையில் அதில் விரல் போகும். ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற நேரத்தில் முழங்கை வரைக்கும் போகும். ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்தும். அப்புறம் புரட்டாசி, ஐப்பசியில் ரெண்டு நல்ல மழை பெய்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். இங்கேயா வெடிச்சிருந்தது என்று கேட்கிற மாதிரி நிலம் உப்பி நிற்கும். இதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பயந்தது கிடையாது. "நல்லா வெடிச்சிருக்கு, மழைத்தண்ணி ஆழமா இறங்கும்" என்று சந்தோஷம்தான் படுவோம்.

அதே வெடிப்பு வீட்டுச் சுவரில் வந்தால்தான் தூக்கம் போய்விடுகிறது.

2021 கோடையில் எங்கள் வீட்டுத் தென்மேற்கு மூலையில் வந்தது. அப்பா 1994-ல் கட்டிய வீடு. சூளைச் செங்கல், ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அடி வானம் தோண்டிப் போட்ட கருங்கல் அஸ்திவாரம், மேலே கான்கிரீட் தளம். 27 வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் நின்ற வீடு. மேற்குச் சுவர் ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கிய கோடு, செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறி, மூலைக்கு ஒன்றரை அடி முன்னால் தளத்தைத் தொட்டது. தெற்குச் சுவரிலும் அதற்குத் தம்பி மாதிரி சின்னதாக ஒன்று. கீழே பென்சில் கோடு அகலம்தான். மேலே போகப் போக அகலம் கூடி, ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது.

அந்த அறையில்தான் அம்மா படுத்திருந்தார்கள். அவர்களுக்கு அப்போது 76 வயது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கொத்தனார் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஸ்திவாரம் உக்காந்திருச்சு அண்ணாச்சி, இது ஆகாது" என்றார். டவுனில் இருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இடித்துப் புதுசாகக் கட்ட 18 லட்சம் என்று தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். இன்னொருவர், "பட்டி வச்சு இழுத்து பெயின்ட் அடிங்க, வெடிப்பெல்லாம் எல்லா வீட்டுலயும் இருக்கு" என்றார். தென்மேற்கு என்றால் கன்னி மூலை. வாஸ்து பார்க்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம், அவர் வீட்டுக்கு வராமலேயே போனில் பலன் சொன்னார். சென்னையில் இருக்கிற என் மகனுக்கு போட்டோ அனுப்பினேன். "அப்பத்தாவை மொதல்ல அந்த ரூம்ல இருந்து மாத்துங்கப்பா" என்று பதறினான். அதை மட்டும் அன்றைக்கே செய்தோம்.

எல்லாரும் சொன்னதில் ஒன்றுதான் எனக்குச் சங்கடமாகப் போனது. அந்த மூலையில் இருந்து பன்னிரண்டடி தூரத்தில் ஒரு வேப்பமரம். நிற்பது என் சித்தப்பா மகன் இடத்தில். "வேரு அஸ்திவாரத்துக்குள்ள போயிருச்சு, மரத்தை வெட்டச் சொல்லு" என்று ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேர் சொன்னார்கள். சொன்னது என்னிடம். ஆனால் சாயங்காலத்துக்குள் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் ஆடு கட்டுவது அந்த மர நிழலில்தான். அவன் வீட்டுக்காரி என் மனைவியிடம், "நாங்க என்னக்கா செஞ்சோம்" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்துபோனது. பங்காளிகளுக்குள் விரிசல் விழ இவ்வளவு போதும்.

18 லட்சத்துக்கும் 18 ஆயிரத்துக்கும் நடுவில் எது உண்மை என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், எங்கள் ஊர் மருமகன். கொடைக்கு வந்திருந்தவரைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் நேராக அந்த மூலைக்குப் போகவில்லை. வீட்டை வெளியே இருந்து ரெண்டு தடவை சுற்றி வந்தார். நான் எண்ணியே பார்க்காத வெடிப்பையெல்லாம் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதி உண்டு என்றார். நகரத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வடக்குச் சுவரில் சிலந்தி வலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடுகிற மெல்லிய கோடுகள். இது சுவர் வெடிப்பே இல்லை, பூச்சு வெடிப்பு. கலவையில் சிமென்ட் அதிகமாகிவிட்டாலோ, பூசின சுவருக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடாமல் வெயிலில் காயவிட்டாலோ பூச்சு சுருங்கி இப்படி வரும். விரல் கணுவால் தட்டிப் பார்க்கவேண்டும். கெட்டியாகச் சத்தம் வந்தால் விட்டுவிடலாம். பொக்கு பொக்கென்று வந்தால் அந்த இடத்தைக் கொத்திவிட்டுத் திரும்பப் பூசவேண்டும். அவ்வளவுதான்.

ரெண்டாவது, கூரைத் தளத்துக்கு நேர் கீழே சுவரோடு படுக்கையாக ஓடுகிற கோடு. இது வெயில் செய்கிற வேலை. கான்கிரீட் சூடானால் நீளும். பத்து மீட்டர் நீளமுள்ள தளம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். செங்கல் சுவர் அதில் பாதி அளவுதான் நீளும். மேலே இருப்பது இழுக்க, கீழே இருப்பது போகமாட்டேன் என்று நிற்க, ரெண்டும் சேருகிற இடத்தில் கோடு விழுகிறது. மேல்மாடி வீடுகளில், அதிலும் மேற்கு வெயில் படுகிற பக்கம், இது அதிகம். மருந்து சுவரில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தார்களே, அது ஒழுகாமல் இருக்க மட்டும் இல்லை, தளத்துக்குக் குடை பிடிக்கவும்தான். அதை மிச்சம் பிடிக்கிற வீடுகளில் இந்தக் கோடு சீக்கிரமே வந்துவிடும்.

மூன்றாவது, சன்ஷேடின் அடியில் கம்பி போகிற வழியே நேர்கோடாக விழுந்த வெடிப்பு. பக்கத்தில் காவி நிறத்தில் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இருந்து உப்பி, கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட இடங்களிலும், கம்பிக்கு மேல் கான்கிரீட் மூட்டம் குறைவாக இருக்கிற இடங்களிலும் இது வரும். மேலே பூசி மறைத்தால் உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உடைத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருவுக்கான பூச்சு கொடுத்துத்தான் அடைக்கவேண்டும்.

நான்காவது, 2006-ல் சேர்த்துக் கட்டிய அடுப்படி பழைய சுவரோடு ஒட்டுகிற இடத்தில், செங்குத்தாக மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே அகலத்தில் இருந்த கோடு. பழைய சுவர் எப்போதோ உட்கார வேண்டியது உட்கார்ந்து முடித்தாச்சு. புதுசு அப்புறம்தான் உட்கார்ந்தது. ரெண்டும் வேறு வேறு அஸ்திவாரம், வேறு வேறு வயசு. இது பிரிவது இயற்கை. தூண் வைத்துக் கட்டுகிற வீடுகளில் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்திலும் இதே மாதிரி வரும். அதனால்தான் பூசுவதற்கு முன்னால் அந்த இணைப்பில் கோழிவலைக் கம்பி அடிக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாகத்தான் கன்னி மூலைக்கு வந்தார். "இது மண்ணு பண்ற வேலை" என்றார். சாய்வாகப் படிக்கட்டு மாதிரி ஏறுகிற வெடிப்பு, அஸ்திவாரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்கவில்லை என்பதற்கு அடையாளம். அது மேலே ஏறும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கும். எங்கள் வெடிப்பு மூலையைப் பார்த்து ஏறியது. மேலே அகலமாக இருந்தது. அப்படியானால் மூலை கீழே போகிறது. கொத்தனார் சொன்னது பாதி சரி.

"மீதிப் பாதி என்ன?" என்று கேட்டேன்.

"ஏன் எறங்குது, இன்னும் எறங்குதா, இல்ல ஏறி எறங்குதா? அதை நான் சொல்ல முடியாது, சுவருதான் சொல்லணும். ஒரு வருஷம் பாருங்க. அதுக்கு முன்னாடி அதுல ஒரு கரண்டி சிமென்ட் வைக்காதீங்க."

ஒரு வருஷமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. வெள்ளாமைக்கு நாலு மாசம் காத்திருக்கிறவனுக்கு இது ஒன்றும் பெரிசில்லைதான். ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டுமே. அதனால் எப்போது காத்திருக்கக்கூடாது என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகலம் கூடினால், தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது சுவர் சாய்ந்திருந்தால், தூணிலோ உத்தரத்திலோ வெடிப்பு வந்தால், நேற்று வரை மூடின கதவு இன்று திடீரென்று இறுகினால், வெடிப்பின் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு வந்தால், அன்றைக்கே ஆளைக் காலி செய்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அகலத்துக்கும் ஒரு கணக்கு சொன்னார். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்து, பல நாட்டுப் பொறியாளர்களும் பயன்படுத்துகிற அளவு அது. 1 மில்லிமீட்டர் வரை மிகச் சாதாரணம். 5 வரை லேசானது, பூசினால் போதும். 5-க்கு மேல் 15 வரை நடுத்தரம், கொஞ்சம் செங்கல் வேலை தேவைப்படலாம். 15-க்கு மேல் போனால் கடுமையானது. 25-ஐத் தாண்டினால் சுவரே நிலைக்குமா என்ற கேள்வி. எங்களுடையது மேலே 6 மில்லிமீட்டர் இருந்தது. பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம் என்கிற இடம்.

அளக்கும் முறை சுலபம்தான். வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி, மூன்று இடத்தில். ஆணித்தலைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, சுவரிலேயே தேதி போட்டுப் பென்சிலில் எழுதுவது. காலிப்பரை லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பரிடம் வாங்கிக்கொண்டேன். கூடவே வெடிப்புக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டினேன். கண்ணாடி வளைந்து கொடுக்காது. சுவர் அசைந்தால் உடையும். வெடிப்பின் ரெண்டு நுனியிலும் குறுக்கே கோடு போட்டு வைத்தேன், நீளம் கூடுகிறதா என்று பார்க்க.

ஆனியில் 6 மில்லிமீட்டர். ஆவணியிலும் 6. புரட்டாசியில் மானாவாரிக்கு உளுந்து விதைத்தேன். மழை பிடித்தது. ஐப்பசியில் ஒரே வாரத்தில் மூன்று கண்ணாடியும் அடுத்தடுத்து உடைந்தன. வீட்டில் எல்லாருக்கும் பகீரென்றது. அளந்து பார்த்தால் வெடிப்பு விரியவில்லை, சுருங்கியிருக்கிறது. 3 மில்லிமீட்டர். மார்கழியில் 2. அந்த மாசம் சுவரைப் பார்க்க வந்த காண்ட்ராக்டருக்கே வெடிப்பு சரியாகக் கண்ணுக்குப் படவில்லை. அப்புறம் மாசியில் 3, சித்திரையில் 4, வைகாசியில் 5. நுனிக்கோட்டைத் தாண்டி நீளம் மட்டும் கூடவே இல்லை.

இந்தக் கணக்கை எழுதி முடித்துவிட்டு ஒருநாள் காட்டுக்குப் போய் வெடிப்பைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ரெண்டும் ஒரே பஞ்சாங்கம்! காடு வெடிக்கிற மாசத்தில் சுவர் வெடிக்கிறது, காடு மூடுகிற மாசத்தில் சுவரும் மூடுகிறது. அஸ்திவாரம் தோற்றுப்போய் ஒரே பக்கமாக உட்கார்ந்துகொண்டே போயிருந்தால் மழைக்காலத்தில் இது திரும்பி வந்திருக்காது. மூலை இறங்குகிறது, ஏறுகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு அடியில் இருப்பதும் கரிசல்தானே.

கரிசலின் குணத்துக்குக் காரணம் அதில் இருக்கிற ஒரு வகைக் களி. மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். புத்தகத்தின் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் அந்தத் தாள்களுக்கு நடுவில் புகுந்து ஒவ்வொன்றையும் விலக்கும், மண் உப்பும். காய்ந்தால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், மண் சுருங்கும். உப்பும்போது ஒரு மாடி வீட்டையே தூக்குகிற பலம் அதற்கு உண்டு. வீடு முழுக்க ஒரே மாதிரி ஏறி இறங்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் தனியாக ஏறி இறங்கினால்தான் வெடிப்பு.

அப்படியானால் கேள்வி சின்னதாகிவிட்டது. நாலு மூலை இருக்கும்போது அந்த மூலை மட்டும் ஏன்? 27 வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்?

மரம் என்பதுதான் எல்லாருடைய பதிலும். ஆனால் மரமும் 20 வருஷத்துக்கு மேலாக அங்கேதான் நிற்கிறது. 2021-ல் முளைத்ததில்லை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. பிடி கொடுத்தது அம்மா. திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அங்கனதான துவைகல்லு கெடந்துச்சு. வாழை நின்னுச்சு. அது பட்டுப்போனதுல இருந்து அந்தப் பக்கமே வெறிச்சுன்னு கெடக்கு" என்றார்கள்.

யோசித்துப் பார்த்தேன். வீடு கட்டிய நாளில் இருந்து துவைகல் அந்த மூலையில்தான் கிடந்தது. தினமும் குடம் குடமாகத் துணி அலசின தண்ணீர் அங்கேதான் ஓடும். அந்த ஈரத்தில் நாலைந்து வாழை. அக்கினி நட்சத்திரத்தில்கூட அந்த மூலை காய்ந்து நான் பார்த்ததில்லை. 2019-ல் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து குனிய முடியாமல் போனது. வாஷிங் மெஷின் வாங்கினோம். அது முன்பக்கம் குளியலறையில் இருக்கிறது, அதன் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. வாழை ஒரே கோடையில் பட்டுப்போனது. 25 வருஷம் ஈரத்திலேயே உப்பி நின்ற மண், அதற்கப்புறம்தான் முதல் தடவையாகக் காய ஆரம்பித்தது. பக்கத்தில் நிற்கிற வேம்பும் இத்தனை காலம் குடித்த சோப்புத் தண்ணீர் நின்றதும், மிச்சம் இருந்த ஈரத்தை அந்த மண்ணில் இருந்துதான் உறிஞ்சியிருக்கும். மற்ற மூன்று பக்கமும் சிமென்ட் தளம் போட்டிருப்பதால் வெயில் நேராக மண்ணில் படாது. இந்தப் பக்கம் துவைகல்லுக்காகத் திறந்தே விட்ட வெறும் மண். போதாததற்கு மாடித் தண்ணீர் இறங்குகிற தூம்பும் அதே மூலையில். கோடையில் அந்த மூலைக்கு முழுப் பட்டினி, மழையில் மொத்த மாடித் தண்ணீரும் அதன் தலையில்.

நினைப்பு சரிதானா என்று மண்ணைத் தோண்டித்தானே பார்க்கவேண்டும். வைகாசியில் தம்பி வீட்டுக்குப் போய், "ஒரு குழி தோண்டணும், நீயும் கூட இருந்து பாரு. மரத்தப் பத்தி நான் ஒண்ணும் முடிவு பண்ணல" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். தென்மேற்கு மூலையில் சுவரை விட்டு மூன்றடி தள்ளி ஒரு குழி, வடகிழக்கு மூலையில் சிமென்ட் தளத்தின் ஓரத்தில் ஒரு குழி. வடகிழக்கில் ரெண்டடியிலேயே மண் உருண்டை பிடிக்கிற ஈரம். தென்மேற்கில் நாலடி வரைக்கும் மண் கல் மாதிரி. வெடிப்புகளுக்கு உள்ளே நூல் நூலாக வேப்ப வேர். அஸ்திவாரத்தைத் துளைத்த வேர் என்று ஒன்றுகூட இல்லை. வேர் கருங்கல்லை உடைக்கவில்லை, ஈரத்தைத் தேடி வந்திருக்கிறது. தம்பி குழிக்குள் நின்றுகொண்டே, "மரமும் காரணந்தாண்ணே, அது மட்டும் இல்ல" என்றான். ஒரு வருஷமாக எங்களுக்குள் இருந்த இறுக்கம் அந்த ஒரு பேச்சில் தளர்ந்தது.

மரத்தை வெட்டிவிட்டால் சுலபமாக முடிந்திருக்குமே என்று தோன்றலாம். பொறியாளர் அதை வேண்டாம் என்றுதான் சொன்னார். பல வருஷம் தண்ணீர் உறிஞ்சிய பெரிய மரத்தைக் களிமண்ணில் திடீரென்று எடுத்தால், அந்த மண்ணில் ஈரம் திரும்பவும் சேர்ந்து உப்பும். இறங்கின மூலை இப்போது தூக்க ஆரம்பிக்கும். ஒரு வெடிப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய் வேறு வெடிப்பு வரும். கிளையைக் கழித்தால் மரம் குடிக்கிற தண்ணீர் குறையும், அது போதும் என்றார்.

ஆடி பிறக்கும் முன்னால் வேலையை முடித்தோம். தூம்புத் தண்ணீரைக் குழாய் மூலம் சுவரை விட்டு இருபதடி தள்ளிக் கொண்டுபோனோம். திறந்து கிடந்த பக்கத்தில் மூன்றடி அகலத்துக்குச் சிமென்ட் தளம், வெளிப்பக்கம் வாட்டம் வைத்து. அடியில் ஒரு அடி கரிசலை எடுத்துவிட்டுச் சரள் கொட்டி இடித்தோம். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கைத் தார் வைத்து அடைத்தோம். வேம்பில் மூன்றில் ஒரு பங்கு கிளையைத் தம்பியே கழித்தான், தழை ஆட்டுக்கு ஆச்சு. வாஷிங் மெஷின் தண்ணீரைத் திரும்பவும் பின்பக்கம் கொண்டுவந்தோம். சுவர் ஓரத்துக்கு இல்லை, மரத்துக்குப் பக்கத்தில், சுவரை விட்டு எட்டடி தள்ளி. அங்கே இப்போது வாழை நிற்கிறது. மொத்தம் 41 ஆயிரம் செலவு. இதில் கொத்தனார், சித்தாள் கூலி சேர்ந்தது.

வெடிப்பை அப்போதும் அடைக்கவில்லை. விரிந்திருக்கும் காலத்தில் சிமென்ட் வைத்து இறுக்கினால், மழையில் சுவர் மூட வரும்போது மூட இடம் இருக்காது, பக்கத்தில் புதுசாக ஒன்று விழும். கோடை வந்ததும் பூசிவிட்டு, அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்ப வெடிக்கிறதே என்று புலம்புகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. இன்னும் ஒரு சுற்று அளந்தேன். 2023-ல் ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவில் வித்தியாசம் 4-ல் இருந்து 1 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் ஊர்க் கண்மாயும் நிறைந்து மறுகால் போனது. மழை விட்டதும் காலிப்பரை எடுத்துக்கொண்டு முதலில் அந்த மூலைக்குத்தான் போனேன். அளவு மாறவில்லை. தை பிறந்ததும், குறுக்கே ரெண்டடிக்கு ஒரு இடத்தில் காடி வெட்டிக் கம்பி வைத்துத் தையல் போட்டு, மேலே கொஞ்சம் இழுத்துக் கொடுக்கிற சீலன்ட் வைத்து அடைத்தோம். அம்மா அந்த அறைக்கே திரும்பிவிட்டார்கள்.

கரிசலில் புதுசாக வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே ஒரு அஸ்திவாரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மண்ணின் ஈரம் மாசத்துக்கு மாசம் மாறாத ஆழம் வரைக்கும், சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு அடி துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றுவது. மேல்மண் எவ்வளவு ஆடினாலும் வீடு அந்தக் குடத்தின் பிடியில் நிற்கும். இந்தியத் தர நிர்ணயம் 2911, மூன்றாம் பகுதியில் இதற்கு முறை எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அடியில் சுக்கான் சீக்கிரம் தட்டுப்பட்டால் அதுவரைக்கும் தோண்டிக் கட்டுவதும் உண்டு. எதுவானாலும் வானம் தோண்டும் முன்னால் மண்ணைப் பார்க்கிற செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நகரத்து வீட்டுக்கும் இதில் பாதி பொருந்தும். உங்கள் வீட்டு மண் கரிசலாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளிச்சுவரில் சாய்வாக ஒரு கோடு விழுந்தால், பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சுவருக்கு வெளியே போய் நின்று பாருங்கள். மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தக் குழாய் கசிகிறது, கடைசி ரெண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பக்கம் புதிதாக என்ன வந்தது, என்ன போனது என்று வீட்டில் இருக்கிற வயசானவர்களிடம் கேளுங்கள். ஒரு பென்சிலால் தேதி போட்டு வையுங்கள். எங்கள் சுவரில் அந்தத் தேதிகள் மேல் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. ஆனியும் மார்கழியும் வந்தால் ஒரு தடவை அளந்து எழுதுகிறேன். போன ஆனியில் தம்பிதான் டார்ச் பிடித்தான்.